இந்தியாவில் செல்லாத இந்திய ரூபாய்: ஹஜ் பயணிகளும் செலாவணியும்

1959ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி ஒரு புதுவகை ரூபாய்த் தாளை வெளியிட்டது. பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் மட்டுமே அது அச்சிடப்பட்டது. வடிவத்தில் வழக்கமான தாளை ஒத்திருப்பினும் நிறம் வேறு. வரிசை எண்ணுக்கு முன்னால் 'எச்ஏ' என்னும் ஆங்கில எழுத்துகள். தாளின் முகத்தில் 'ஹஜ்' என்னும் சொல். இந்தியாவின் மைய வங்கி ஆளுநர் கையொப்பமிட்டுக் கொடுத்த அந்த இந்தியப் பணத்தைக் கொண்டு இந்தியாவில் ஒரு குவளைத் தேநீர்கூட வாங்க இயலாது. சட்டப்படி அது இந்நாட்டுக்குள் செல்லுபடியாகும் பணமே அன்று. ஜித்தாவில் கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான் அதற்கு உயிர் வரும்.

நம் பாட்டனார்களில் சிலர் அந்தத் தாளை இடுப்பு வாரில் வைத்துக்கொண்டு பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். அப்படியொரு பணத்தை அரசு ஏன் உருவாக்க நேர்ந்தது என்பதை விளங்கிக்கொண்டால், ஒரு தலைமுறையின் ஹஜ் எத்தனை கைகளைக் கடந்து நிறைவேறியது என்பதும் விளங்கும். ஊரில் நிலமும் நெல்லும் கடையும் இருந்தும் ஹஜ்ஜுக்குப் போகமுடியாமல் மறைந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்குக் குறைவாயிருந்தது செல்வமன்று. அந்தச் செல்வத்தைக் கடல் கடந்து செல்லும் பணமாக மாற்றிக்கொள்ளும் அனுமதிதான்.

புனிதப் பயணமும் நாணய மாற்றும் இணைந்தே வளர்ந்தவை. நபி (ஸல்) அவர்கள் காலத்து மக்காவுக்கென்று சொந்த நாணயம் எதுவும் இருக்கவில்லை என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. அங்கே புழங்கிய தங்க தீனார் ரோமப் பேரரசாகிய பைஸாந்தியத்திலிருந்து வந்தது. வெள்ளி திர்ஹம் பாரசீகத்தின் சாசானிய அரசிலிருந்து வந்தது. ஒன்றில் கிறித்தவப் பேரரசரின் உருவம், மற்றொன்றில் நெருப்பாலயத்தின் சின்னம். குறைஷி வணிகர்கள் அவற்றை எண்ணிக்கையாலன்றி எடையாலேயே மதிப்பிட்டனர். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டையொட்டி உருவமற்ற, எழுத்து மட்டுமே பொறித்த இஸ்லாமிய நாணயத்தை வெளியிடும்வரை நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆகவே ஸஹாபாக்களின் வாழ்வில் 'அந்நியச் செலாவணி' என்பது ஒரு சிறப்பு நிகழ்வன்று, அன்றாடச் சந்தைப் பழக்கம்.

நாணய மாற்று குறித்த மார்க்கச் சட்டம் அத்தனை நுணுக்கமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் நூறு தீனார்களைத் திர்ஹமாக மாற்ற விரும்பிய செய்தி ஹதீஸ் நூல்களில் பெயர்பெற்றது. தல்ஹா இப்னு உபைதுல்லாஹ் (ரலி) அவரை அழைத்தார். இருவரும் விலை பேசி முடித்தனர். தல்ஹா தங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, தம் கருவூலக் காப்பாளர் ஃகாபா என்ற இடத்திலிருந்து வந்ததும் வெள்ளியைத் தருவதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் உடனே குறுக்கிட்டு, வெள்ளியைப் பெறாமல் அவரைவிட்டுப் பிரியக்கூடாது என்று மாலிக்கிடம் ஆணையிட்டுக் கூறினார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் மாற்றும்போது இரண்டும் அதே அமர்வில் கைமாற வேண்டும். ஒன்று இன்றும் மற்றொன்று நாளையும் என்றால் அது வட்டியின் வாயிலில் கொண்டுபோய் விடும் என்பது நபிமொழியின் சாரம். தல்ஹா (ரலி) சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். அவருடைய நேர்மையை ஐயுற்று உமர் (ரலி) பேசவில்லை. எத்தகைய நேர்மையாளருடன் செய்தாலும் ஒப்பந்தத்தின் வடிவம் சரியாக இருக்கவேண்டும் என்பதே அதில் தெரிகிறது. இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் நமக்குத் தேவைப்படும்.

பயணப் பணத்தைப் பற்றியும் மார்க்கம் வாளாவிருக்கவில்லை. யமன் நாட்டிலிருந்து கைப்பொருள் ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, இறைவனையே சார்ந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மக்காவில் பிறரிடம் கையேந்தியவர்களை முன்னிட்டே பயணத்துக்கான பொருளை உடன் எடுத்துச் செல்லுமாறு பணிக்கும் இறைவசனம் அருளப்பட்டது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். இஹ்ராம் அணிந்தவர் தைத்த ஆடை உடுத்தக்கூடாது என்றிருக்க, பணப்பையுடன் கூடிய இடுப்பு வாரைக் கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. அரபியில் அதற்கு 'ஹிம்யான்' என்று பெயர். ஆயிஷா (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோர் அதற்கு இசைவளித்துள்ளனர். இன்று ஹஜ் முகாம்களில் விற்கும் பச்சை நிற இடுப்பு வாருக்கு இத்தனை நீண்ட பரம்பரை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹிஜாஸுக்குச் சென்ற இந்தியப் பயணிக்கு ஒரு வசதி இருந்தது. அவர் கொண்டுபோன வெள்ளி ரூபாயே அங்கு ஏற்கப்பட்டது. மக்காவிலும் ஜித்தாவிலும் அந்நாளில் பல நாணயங்கள் ஒருங்கே புழங்கின: உதுமானிய அரசின் மஜீதி, ஆங்கிலேயரின் தங்கப் பவுன், 1780 என்ற ஒரே ஆண்டைப் பொறித்து ஆஸ்திரியா தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்த மரியா தெரசா வெள்ளி நாணயம், இவற்றோடு இந்திய ரூபாய். ஹஜ் காலத்தில் எந்த நாட்டுப் பயணிகள் மிகுதியாக வருகிறார்களோ அதற்கேற்ப விலை ஏறும், இறங்கும். 'ஸர்ராஃப்' எனப்பட்ட நாணய மாற்று வணிகர் சந்தையில் அடுக்கடுக்காய்க் காசுகளைப் பரப்பி அமர்ந்திருப்பார். வெள்ளியின் எடையும் தூய்மையும் தெரிந்தால் போதும். எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. ரொக்கத்தைச் சுமக்க அஞ்சியவர்கள் பம்பாயிலுள்ள வணிகரிடம் பணத்தைக் கட்டி, அவருடைய கடிதத்தைக் காட்டி ஜித்தாவில் பெற்றுக்கொள்ளும் முறையும் இருந்தது. ஜித்தாவின் அலீரிஸா குடும்பத்தார் போன்ற வணிக இல்லங்கள் பம்பாயிலும் தொழில் நடத்தியவை.

பயணிகளின் வறுமை ஆங்கிலேய அரசுக்கு வேறுவகையில் தலைவலியாக இருந்தது. திரும்பிவரப் பணமின்றி ஜித்தாவில் சிக்கிக்கொண்ட இந்தியர்களைப் பற்றி அரசுக் கோப்புகள் ஓயாமல் பேசுகின்றன. 1886ஆம் ஆண்டு ஹஜ் பயண ஏற்பாடுகளையே தாமஸ் குக் நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்தது. சில ஆண்டுகளில், 1890களின் நடுப்பகுதிக்குள், அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இன்று அதே பெயர்ப்பலகையின் கீழ் நம்மவர்கள் உம்ராவுக்கு ரியால் வாங்கப் போகிறார்கள் என்பது வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை.

1926ஆம் ஆண்டு ஜித்தாவில் ஒரு டச்சு வங்கி திறக்கப்பட்டது. அதன் முதன்மையான வேலை, இன்றைய இந்தோனேசியாவாகிய டச்சுக் கிழக்கிந்தியப் பயணிகளுக்குப் பணம் மாற்றித் தருவது. இந்தியப் பயணிக்கோ அப்படிப்பட்ட வங்கி தேவைப்படவில்லை. அவருடைய ரூபாய்க்கு அங்கே அத்தனை செல்வாக்கு. அதன் அளவை ஒரு செய்தி காட்டுகிறது. 1935ஆம் ஆண்டு சவூதி அரேபியா புதிய வெள்ளி ரியாலை அடித்தபோது, அதன் எடையை 11.66 கிராம் அளவில் வைத்தது. அது இந்திய வெள்ளி ரூபாயின் எடை, அதாவது நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் அறிந்த ஒரு தோலா. தூய்மையும் ரூபாய்க்கு இணையாகவே இருந்தது. அந்த அளவுக்கு ஹிஜாஸின் சந்தை நம் ரூபாயைப் பழகியிருந்தது.

வெள்ளிக்கு ஒரு குறை உண்டு: கனம். ஆயிரம் ரியால் என்றால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். மினாவின் வெயிலில், முதிய வயதில், அதைச் சுமந்து நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். 1952ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சவூதி நாணய ஆணையத்துக்குத் தாள் பணம் வெளியிட அதன் சாசனமே அனுமதி தரவில்லை. அடுத்த ஆண்டே, 1953இல், அவர்கள் ஒரு நேர்த்தியான வழியைக் கண்டார்கள். 'ஹஜ் பயணிகளுக்கான பற்றுச்சீட்டு' என்ற பெயரில் பத்து ரியால் தாளை வெளியிட்டார்கள். அது பணமன்று, ஆணையத்தில் வைக்கப்பட்ட வெள்ளிக்கான ரசீது. பயணிகளுக்கு விளங்கும் பொருட்டுப் பல மொழிகளில் அதில் எழுதப்பட்டிருந்தது. ஹஜ் முடிந்ததும் மக்கள் அதைக் கொடுத்து வெள்ளியை வாங்கிச் செல்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. மக்களோ வெள்ளியைக் கேட்டு வரவில்லை. ரசீதையே கைமாற்றிப் புழங்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் ஐந்து ரியால், ஒரு ரியால் ரசீதுகளும் வந்தன. 1961இல் முறையான சவூதி ரியால் தாள்கள் வந்தபோது அந்நாட்டு மக்கள் தாளுக்குப் பழகியே போயிருந்தார்கள். சவூதி அரேபியாவின் தாள் நாணயம் ஹாஜிகளின் சுமையைக் குறைக்கப் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் கதை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

1947ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பணத்தை அரசின் கண்காணிப்பில் வைத்தது. போர்க்காலத்தில் இந்தியாவுக்கு இங்கிலாந்து பட்ட கடனாகச் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதிகளால் கரைந்தது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் செலாவணி நெருக்கடி முற்றியது. ஒவ்வொரு பவுனுக்கும் கணக்குக் கேட்கும் நிலை.

அப்போது வளைகுடாவில் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய் முதலிய நாடுகளிலும் ஓமானிலும் இந்திய ரூபாய்தான் அன்றாடப் பணம். அங்குள்ள வங்கிகள் மிகுதியான ரூபாயைப் பம்பாய்க்கு அனுப்பினால் ரிசர்வ் வங்கி அதற்கு ஈடாக ஸ்டெர்லிங் கொடுத்தாக வேண்டும். தங்கக் கடத்தல்காரர்கள் இதை நன்றாக அறிந்திருந்தனர். துபாயில் தங்கம் மலிவு. பம்பாயில் விலை மிக அதிகம். தங்கத்தை இந்தியாவுக்குள் கடத்தி விற்று, கிடைத்த ரூபாய்த் தாள்களைக் கட்டுக்கட்டாகத் திரும்பக் கடத்தி, வளைகுடா வங்கியில் கட்டிவிட்டால் போதும். கள்ளத் தங்கத்துக்கான விலையை இந்திய அரசே தன் செலாவணி இருப்பிலிருந்து செலுத்தியதாகிவிடும்.

இந்த வாசலை மூடவே 1959ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில் தனித் தாள்கள் அச்சிடப்பட்டன. பழைய தாள்களை மாற்றிக்கொள்ள அங்குள்ளோருக்குக் குறுகிய தவணை தரப்பட்டது. அதன்பின் இந்தியாவிலிருந்து வெளியேறும் வழக்கமான தாளுக்கு ஸ்டெர்லிங் ஈடு கிடையாது.

ஆனால் ஹஜ் பயணி? அவரும் வழக்கமான ரூபாயைத்தான் ஹிஜாஸுக்குக் கொண்டுபோய் ரியாலாக மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ரூபாயும் சுற்றிச் சுழன்று பம்பாய்க்கே வந்து ஸ்டெர்லிங் கேட்டது. அந்தக் கட்டில் எது ஹாஜியின் பணம், எது கடத்தல்காரரின் பணம் என்று யாரால் பிரித்தறிய முடியும்? அதற்கு விடையாகத்தான் ஹஜ் தாள் பிறந்தது. பயணி தமக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்கு வழக்கமான ரூபாயைக் கொடுத்து, அதே மதிப்புக்கு ஹஜ் தாள்களைப் பெற்றுக்கொள்வார். சவூதியில் அவற்றை ரியாலாக மாற்றுவார். அத்தாள்கள் ரிசர்வ் வங்கியின் பம்பாய் அலுவலகத்துக்குத் திரும்பும். அரசு அதற்குரிய செலாவணியைச் செலுத்தும். எத்தனை தாள் போயிற்றோ அத்தனைதான் திரும்ப முடியும். கணக்கு தெளிவாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டை இருவகையாகப் பார்க்கலாம். இயந்திரங்களுக்கே செலாவணி இல்லாத ஆண்டுகளில், ஒரு சமூகத்தின் கடமைக்கென்று தனிப் பணத்தையே அச்சிட்டு வழிசெய்தது ஓர் அரசின் பெருந்தன்மை. அதே வேளையில், நாட்டின் மொத்தச் செலாவணியில் ஹாஜிகளுக்கு இவ்வளவுதான் என்ற எல்லைக்கோட்டையும் அதே தாள் வரைந்தது. என் பார்வையில் இரண்டும் உண்மையே. ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1959ஆம் ஆண்டின் இறுதியில் ஹஜ் கமிட்டிச் சட்டமும் நிறைவேறியது. 1932ஆம் ஆண்டின் துறைமுக ஹஜ் கமிட்டிச் சட்டத்தின் இடத்தை அது பிடித்தது.

எல்லைக்கோட்டின் மறுபக்கத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம். செலாவணிக்கும் கப்பல் இடத்துக்கும் வரம்பு இருந்தமையால், விண்ணப்பித்தவர் அனைவரும் போக முடியவில்லை. குலுக்கலில் பெயர் வந்தவர் போனார். தமிழகத்துப் பயணி என்றால் முதலில் இரயிலில் பம்பாய்க்குப் போகவேண்டும். அங்கே சாபு சித்தீக் முசாபிர்கானாவில் தங்கி, தடுப்பூசி, கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, ஹஜ் தாள் ஆகிய அனைத்தையும் முடித்துக்கொண்டு, முகல் லைன் கப்பலில் ஏறவேண்டும். பெயர் வராதவர் மறு ஆண்டுக்குக் காத்திருந்தார். அடுத்த ஆண்டும் வராமல் போகலாம். உடல் தளரலாம்.

இங்கே ஒரு மார்க்கக் கேள்வி எழுகிறது. அது இன்றும் சில குடும்பங்களில் தீராமல் இருக்கிறது. ஹஜ் கடமையாவது அதற்குச் சக்தி பெற்றவர் மீதுதான். பயணச் செலவும் வாகனமும் அந்தச் சக்தியின் பகுதிகள். பாதை திறந்திருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் அதனோடு சேர்ந்தவை. கையில் பணம் இருந்தும், அதை ரியாலாக்கும் அனுமதியோ பயண இடமோ கிடைக்காமல் ஒருவர் இறந்துவிட்டால், அவர் மீது ஹஜ் கடமையாகியிருந்ததா?

ஷாஃபிஈ மத்ஹபில், பாதை திறந்திருப்பது கடமையாவதற்கே உரிய நிபந்தனை. வசதி வந்த நாள் முதல் ஓராண்டுகூட வழி திறக்காமல் போயிருந்தால் அவர் மீது கடமை நிலைபெறவில்லை. முந்தைய ஆண்டுகளில் வழி திறந்திருந்தும் பிந்தியிருந்தால், வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் அவர் சார்பில் பதலி ஹஜ்ஜுக்குரிய செலவை எடுத்துவைக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பாதையின் பாதுகாப்பு கடமையாவதற்கான நிபந்தனையா, நிறைவேற்றுவதற்கான நிபந்தனையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் கருத்தின்படி, அத்தகையவர் தம் சார்பில் ஹஜ் செய்யுமாறு மரணசாசனம் செய்துவைக்க வேண்டியவராகிறார். கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளுமாக வாழும் நம் தமிழ்ச் சமூகத்தில், ஒரே காரணத்தால் காத்திருந்து மறைந்த இருவரின் பிள்ளைகளுக்கு இருவேறு விடைகள் கிடைக்கலாம். அத்தகைய நினைவு இருக்கும் குடும்பத்தினர், எந்த ஆண்டு வசதி வந்தது, எந்தெந்த ஆண்டு விண்ணப்பித்தார் என்ற விவரங்களைத் திரட்டிக்கொண்டு தம் மத்ஹபின் ஆலிமை அணுகுவது நலம். பழைய விண்ணப்ப ரசீதுகள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அவை வெறும் காகிதங்களல்ல.

1966ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. அந்நாளில் ஒரு டாலருக்கு நாலரை சவூதி ரியால். கணக்கிட்டுப் பார்த்தால், அதுவரை ஒரு ரியால் ஏறத்தாழ ஒரு ரூபாய் ஆறு காசு. மறுநாள் காலையில் ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு. அவ்வாண்டு ஹஜ் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. எனவே அடி விழுந்தது 1967ஆம் ஆண்டுப் பயணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்திருந்தவர்கள் மீது. வளைகுடா நாடுகளும் இந்த அதிர்ச்சிக்குப் பின் ரூபாயைக் கைவிட்டன. குவைத் 1961லும் பஹ்ரைன் 1965லும் முன்னரே சொந்த தீனாருக்கு மாறியிருந்தன. கத்தரும் துபாயும் 1966இல் மாறின. ஓமான் 1970வரை தாக்குப்பிடித்தது. ஹஜ் தாளும் 1970களில் வழக்கொழிந்தது.

ஹஜ்ஜுக்கு வெளியே, பொதுவான வெளிநாட்டுப் பயணிகளின் நிலை இதைவிடக் கடுமையானது. 1960, 70களில் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட ஒருவர் எட்டு டாலருடன் விமானம் ஏறிய கதைகளை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். அது மிகையன்று, விதியே அப்படித்தான் இருந்தது. இதற்கு மாறாக, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாணய மாற்றுக் கடை என்றாலே தமிழ் முஸ்லிமின் முகம்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரின் 'சேஞ்ச் அலி' சந்தில், 1989இல் அது மூடப்படும்வரை, நம் கடலோர ஊர்க்காரர்கள் உலக நாணயங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அவர்கள் அங்கே கடைமுகப்பில் வெளிப்படையாகச் செய்த தொழிலை அவர்களுடைய சொந்த ஊரில் ஒருவர் செய்திருந்தால் சட்டம் அவரைக் குற்றவாளியாகக் கண்டிருக்கும்.

1991ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1994இல் நடப்புக் கணக்கில் ரூபாய் தடையின்றி மாற்றத்தக்கதாயிற்று. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'ஒழுங்குமுறை' என்ற சொல் 'மேலாண்மை' என்று மாறியதிலேயே காலமாற்றம் தெரிகிறது. 2004இல் தொடங்கிய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் உச்சவரம்பு இன்று ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு இரண்டரை இலட்சம் டாலர். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் அளவுக்கே ரொக்கமாக எடுத்துச் செல்லலாம். மீதி அட்டையிலோ காசோலையிலோ இருக்கவேண்டும். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி இதில் விலக்கு அளித்துள்ளது: அவர்கள் முழுத் தகுதித் தொகையையோ ஹஜ் கமிட்டி குறிப்பிடும் அளவையோ ரொக்கமாகவே பெறலாம். 1959ஆம் ஆண்டு ஹஜ் தாளின் வழித்தோன்றலாகவே இந்த விலக்கை நான் காண்கிறேன். மக்காவின் சிறுகடைகளிலும் குர்பானிக்கும் ஸதகாவுக்கும் ரொக்கம் தேவைப்படும் என்பதை அரசு மறக்கவில்லை.

ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்குப் புறப்பாட்டு முகாமிலேயே 2,100 ரியால் கையில் தரும் வழக்கம் பல்லாண்டுகள் இருந்தது. பெரியவர்களுக்கு அது பெரும் நிம்மதி. 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து அந்த முறை நின்றது. தேவையான ரியாலைப் பயணிகளே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. எனவே அறுபது, எழுபது வயதுப் பெற்றோருக்காகப் பிள்ளைகள் வங்கியிலும் நாணய மாற்று நிலையத்திலும் வரிசையில் நிற்கிறார்கள். வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்கு ரொக்கம் செலுத்தி வாங்க இயலாது. வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்த வேண்டும். உரிமம் பெற்றவரிடம் மட்டுமே வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பிவந்தபின் மீந்திருப்பது 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதியை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்குட்பட்டதை அடுத்த உம்ராவுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

தல்ஹா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இங்கேதான் திரும்பவும் நினைவுக்கு வருகிறது. தாள் பணத்துக்கும் தங்கம், வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சட்ட அகாதமி 1986ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடித் தீர்மானித்தது. ரூபாய் வேறு இனம், ரியால் வேறு இனம். எனவே என்ன விலைக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டும் ஒரே அமர்வில் கைமாறவேண்டும். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைப்பற்றுதலாகவே கருதப்படும் என்று அதே அகாதமி 1990இல் ஜித்தாவில் விளக்கியது. ஆகவே கணக்கிலிருந்து பணம் கழிந்து செலாவணி அட்டையில் ரியால் ஏறுவதில் தடையில்லை.

சிக்கல் தொலைபேசியில் வருகிறது. "இன்றைய விலையில் மூவாயிரம் ரியால் எனக்கு எழுதிவையுங்கள், வெள்ளிக்கிழமை பணம் தந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உள்ளது. தெரிந்த கடைக்காரர் என்றால் முன்பணமும் கொடுத்துவிடுகிறோம். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் விற்பனையாக அமைந்தால், உமர் (ரலி) தடுத்தது எதுவோ அதுவே ஆகிவிடும். கட்டுப்படுத்தாத வெறும் விருப்பத் தெரிவிப்பாக வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை நேரில் சென்று, அன்றைக்குப் பேசி முடிக்கும் விலையில் ரூபாயைக் கொடுத்து ரியாலை எண்ணி வாங்கினால் அதில் குறையில்லை என்று ஆலிம்கள் பலர் கூறுகின்றனர். விலை இரண்டு காசு கூடியிருக்கலாம். மூவாயிரம் ரியாலுக்கு அது அறுபது ரூபாய்.